நனவோடை உத்தியும் சமூக மாற்றமும்: முல்க் ராஜ் ஆனந்தின் ‘அன்டச்சபிள்’ நாவலை முன்வைத்து

1. முன்னுரை

கதைமாந்தரின் மனத்துள் எழும் எண்ணங்களை அவை எழுந்தவாறே எடுத்துரைக்க முயலும் முறை நனவோடை உத்தி எனப்படும். உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் கையாண்ட இத்தொடரை, டோரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி 1918இல் எழுதிய மே சின்கிளேர் இலக்கியத் திறனாய்வுக்குள் கொணர்ந்தார். இவ்வுத்தி மனிதனைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்துத் தனியனாக்கிக் காட்டுகிறது என்பது ஜார்ஜ் லூக்காச் போன்ற மார்க்சியத் திறனாய்வாளர் நவீனத்துவப் புனைகதை மீது சுமத்திய குறை. இக்குறை எவ்வளவு பொருந்தும் என்பதை ‘அன்டச்சபிள்’ (தீண்டத்தகாதவன்) நாவலின் மொழியமைப்பைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஒரு நாள், ஒரு மனம்

இ.எம். ஃபார்ஸ்டரின் முன்னுரையுடன் 1935இல் இலண்டனில் வெளிவந்த இந்நாவல், பதினெட்டு வயதுத் துப்புரவுத் தொழிலாளியான பாக்கா என்னும் இளைஞனின் ஒரு நாளைக் கூறுகிறது. 1922இல் வெளியான ஜாய்சின் ‘யுலிசிஸ்’ நாவலும் ஒரே நாளில் நிகழ்வது. எனினும் ஜாய்சின் மாந்தர் டப்ளின் தெருக்களில் தடையின்றி நடந்தபடி சிந்திக்கின்றனர். புலாஷா நகரின் கடைத்தெருவில் பாக்கா அவ்வாறு நடக்க இயலாது. துப்புரவாளன் வருகிறான், விலகுக என்று உரக்கக் கூவியபடியே அவன் நடத்தல் வேண்டும். இக்கூவல் ஒரு மொழியியல் சான்றாகும். தன்னைப் பற்றிப் பேசும்போதும் அவன் ‘நான்’ எனக் கூறுவதில்லை. தன் வருகையைப் படர்க்கையிலேயே அறிவிக்கிறான். பொதுவெளியில் தன்மை இடம் அவனுக்கு மறுக்கப்பட்டுள்ளது.

3. படர்க்கையிலிருந்து தன்மைக்கு

நாவலின் பெரும்பகுதி நேர்க்கூற்றும் அயற்கூற்றும் அல்லாத இடைநிலைக் கூற்றில் அமைந்துள்ளது. படர்க்கைப் பெயரும் இறந்தகாலமும் எடுத்துரைப்பாளருக்கு உரியன. வினாக்களும் வியப்புகளும் பாக்காவுக்கு உரியன. தமிழில் ‘என்று நினைத்தான்’ என்னும் முடிப்பை நீக்கி எழுதும்போது பெறப்படும் விளைவை இதனோடு ஒப்பிடலாம்.

கடைத்தெரு நிகழ்ச்சியில் இவ்வமைப்பு மாறுகிறது. ஜிலேபி வாங்கி உண்டபடி சென்ற பாக்கா, கூவ மறந்து உயர்சாதியினர் ஒருவர் மீது தற்செயலாகப் பட்டுவிடுகிறான். கூட்டம் ஏசுகிறது, அவனுக்கு அறை விழுகிறது. வாய் மன்னிப்பை மட்டுமே முணுமுணுக்கிறது. பின்னர் எழும் அகமொழியோ தன்மைக்கு மாறுகிறது. தான் ஏன் பணிந்து நின்றதாகவும், ஏன் திருப்பி அடிக்கவில்லை எனவும் அவன் தன்னையே வினவுகிறான். அவ்வினாக்களின் முடிவில், தான் தீண்டத்தகாதவன் என்னும் உண்மையைத் தன் வாக்கியமாகவே கண்டடைகிறான். பிறர் ஏசும்போது முன்னிலையில் எறிந்த சொல், இங்குத் தன்மை எழுவாயின் பயனிலையாகிறது. இழிவு இயற்கையன்று, பிறர் சுமத்தியது என்னும் அறிவு இவ்விலக்கண மாற்றத்தின் வழியே பிறக்கிறது. எனவே அகமொழி இங்குச் சமூகத்திலிருந்து தப்பும் வழியன்று. பேச்சுரிமை மறுக்கப்பட்டவனுக்கு எஞ்சிய ஒரே பேச்சுக்களம் அதுவே.

4. தடைப்படும் ஓடை

இவ்வெற்றி நாவல் முழுமையும் நீடிக்கவில்லை. பாக்கா அறிந்திருக்க இயலாத சொற்களும் கருத்துகளும் எடுத்துரைப்பில் இடையிடையே புகுகின்றன. அவ்விடங்களில் கேட்பது கற்றறிந்த ஆசிரியரின் குரலே. இறுதிப்பகுதியில் இக்குறை பெரிதாகிறது. கிறித்தவப் பாதிரியார் சமயத்தையும், காந்தியடிகள் மனமாற்றத்தையும், கவிஞர் ஒருவர் கழிவை நீரால் அகற்றும் இயந்திரத்தையும் தீர்வாகக் கூறுகின்றனர். சமூக மாற்றம் வெளிப்படையாகப் பேசப்படும் இவ்விடங்களில் நனவோடை மெலிந்து சொற்பொழிவு ஓங்குகிறது. பாக்கா கேட்பவனாகிறான்.

இயந்திரம் மட்டுமே போதாது என்பதைப் பின்வந்த வரலாறு காட்டுகிறது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எனினும் மனிதக் கழிவை மனிதர் அகற்றும் முறைக்கு எதிராக 1993இல் ஒரு சட்டமும், கழிவுநீர்க் குழாய், மலக்குழித் தூய்மைப் பணியையும் உள்ளடக்கி 2013இல் மற்றொரு சட்டமும் தேவைப்பட்டன.

5. முடிவுரை

நாவலின் தொடக்கத்தில் தந்தை லக்கா ஏசி எழுப்பும்போது பாக்கா விடையளிக்காமல் படுத்திருக்கிறான். இறுதியில், காந்தியடிகளும் கவிஞரும் கூறியவற்றைத் தந்தையிடம் சொல்ல எண்ணியவாறு வீடு திரும்புகிறான். மௌனம் பேசும் விருப்பமாக மாறியிருப்பதே இந்நாவல் காட்டும் மாற்றம். ஆனால் அவன் சொல்லப் போகும் சொற்கள் பிறருடையவை. அறை விழுந்தபின் அவன் மனத்துள் எழுந்த ‘நான்’ வெளிப்பேச்சை இன்னும் எட்டவில்லை. ஒடுக்கப்பட்டோரின் அகத்தை வாசகர் அறியச் செய்ய நனவோடை உத்தி வல்லது என்பதையும், அகத்தைக் காட்டுவதாலேயே பேச்சுரிமை வழங்கப்பட்டதாகிவிடாது என்பதையும் ‘அன்டச்சபிள்’ ஒருங்கே உணர்த்துகிறது. தாமே எழுத வந்த ஒடுக்கப்பட்டோரின் படைப்புகளை ஆராய்வோர், படர்க்கைக் கூவல் தன்மைப் பேச்சாகும் இவ்விடத்தையே தொடக்கமாகக் கொள்ளலாம்.