படலையில் நிற்பவர்கள்

வீடியோ விளையாட்டுகள் பற்றி இத்தகைய ஒரு சஞ்சிகையில் எழுதத்தான் வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சினிமாவைப் பற்றிப் பாரதூரமாக எழுதத் தொடங்கியபோதும் இதே கேள்வி கேட்கப்பட்டது. இன்று எங்கள் வீடுகளில் வளரும் பிள்ளைகளில் பலர் கதை என்ற ஒன்றை முதன்முதலில் முழுமையாக அனுபவிப்பது இந்த விளையாட்டுகளுக்கூடாகத்தான். அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளுடைய உலகம் எங்களுக்கு விளங்கவில்லை என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. ஆனால் நான் இங்கு பேச முனைவது விளையாட்டுகளின் நன்மை தீமை பற்றியல்ல. ஒரு படைப்பின் பழைய ரசிகர்கள் புதிதாக வருபவர்களை எப்படி நடத்துகிறார்கள், அந்தப் படைப்பின் மீது யாருக்கு உரிமை உண்டு என்பதே என் அக்கறை. அதற்கு எடுத்துக்கொள்ளும் உதாரணம் யப்பானிய விளையாட்டுத் தொடரான ஃபயர் எம்பிளம்.

தொடரின் முதல் விளையாட்டு 1990 ஏப்ரலில் யப்பானில் நின்ரென்டோவின் ஃபமிகொம் இயந்திரத்துக்கு வெளிவந்தது. இன்ரெலிஜென்ற் சிஸ்ரம்ஸ் நிறுவனம் செய்தது. வடிவமைத்தவர் ஷோஸோ காகா. கட்டம் போட்ட நிலப்படத்தில், முறை வைத்து, ஒரு சிறு படையை நகர்த்திப் போரிட வேண்டும். இவ்வளவோடு நின்றிருந்தால் அது சதுரங்கத்தின் இன்னொரு வடிவம். ஆனால் இங்கே ஒவ்வொரு படைவீரருக்கும் பெயர் உண்டு, முகம் உண்டு, ஊர் உண்டு. போரில் வீழ்ந்தவர் கதை முடியும்வரை திரும்பி வருவதில்லை. சதுரங்கத்தில் வெட்டுப்பட்ட காலாள் அடுத்த ஆட்டத்தில் வந்து நிற்கும். இங்கே நீங்கள் கவனமில்லாமல் ஒரு கட்டம் முன்னால் தள்ளிய பெண் இல்லாமற் போய்விடுகிறாள். மிச்சக் கதை அவள் இல்லாமலே நடக்கிறது. இந்த ஒரு விதிதான் தொடருக்கு அதன் பெறுமதியைக் கொடுத்தது என்பது பழைய ரசிகர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது.

பிரச்சினை 2010இல் முளைவிட்டது. அந்த ஆண்டு யப்பானில் மட்டும் வெளியான ஒரு விளையாட்டில் ஒரு புதிய தெரிவு சேர்க்கப்பட்டது: வீழ்ந்தவர்கள் அந்தப் போர் முடிந்ததும் திரும்பி வருவார்கள். 'கசுவல்' முறை என்பது அதன் பெயர். பழைய விதி 'கிளாசிக்' என்ற பெயரில் பக்கத்திலேயே இருந்தது. 2012இல் யப்பானிலும் 2013இல் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்த 'அவேக்கனிங்' இந்தத் தெரிவை உலகெங்கும் கொண்டுபோயிற்று. 250,000 பிரதிகளுக்குக் குறைவாக விற்றால் தொடரையே நிறுத்திவிடுவது என்று நிறுவனத்துக்குள் சொல்லப்பட்டிருந்ததாகத் தயாரிப்பாளர் ஹிதோஷி யமாகாமி 2013இல் ஒரு ஸ்பானியச் சஞ்சிகைக்குக் கொடுத்த செவ்வியில் தெரிவித்தார். அது பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. தொடர் பிழைத்தது. கூடவே சண்டையும் தொடங்கியது.

புதியவர் ஒருவர் வந்து தனக்கு இந்த விளையாட்டுப் பிடிக்கும் என்று சொன்னால் அவருக்குச் சில கேள்விகள் காத்திருந்தன. எதில் தொடங்கினீர்? கிளாசிக்கா, கசுவலா? 'த்ரேசியா 776' விளையாடியிருக்கிறீரா? (1999இல் யப்பானில் வந்த இது தொடரின் மிகக் கடினமானவற்றில் ஒன்று, தொடர்ந்து போரிட்ட வீரர் களைத்துப்போய் அடுத்த போருக்கு வரமாட்டார்.) விடை பிழைத்தால் நீர் ரசிகர் அல்ல, பாத்திரங்களுக்குக் கலியாணம் கட்டிவைத்துப் பார்க்க வந்தவர். இந்தக் கேள்விகள் எவையும் விளையாட்டைப் பற்றியவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தப் போர் உம்மைத் திணறடித்தது, யாரை இழந்தபோது மனம் நொந்தீர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கப்படுவது அத்தாட்சிப் பத்திரம்.

பழையவர்களின் தரப்பைப் பலவீனமாக்கிக் காட்டிவிட்டு வெல்வதில் எனக்கு விருப்பமில்லை. இந்தத் தொடர் 2003வரை யப்பானுக்கு வெளியே போகவேயில்லை. அதற்கு முந்தியவற்றை மற்ற மொழிக்காரர்கள் அறிந்துகொண்டது, யப்பானிய மொழி படித்த ரசிகர்கள் சிலர் கூலியின்றி, பெயரின்றி இருந்து வரி வரியாக மொழிபெயர்த்ததால். சிறு சஞ்சிகை நடத்திய எவருக்கும் அந்த உழைப்பின் தன்மை விளங்கும். தாங்கள் தூக்கிச் சுமந்த ஒன்று திடீரென எல்லோருக்கும் உரியதாகும்போது, சுமந்தவனுக்கு வரும் எரிச்சல் இயல்பானது. அவர்களுடைய கலைவாதத்திலும் வலு உண்டு. மரணம் நிரந்தரமென்றால் ஒவ்வொரு நகர்வும் நிறுக்கப்படுகிறது. திரும்பி வருவாரென்றால் ஒருவரை எதிரிக்கு இரையாக முன்னால் விடலாம். இரண்டும் ஒரே விளையாட்டல்ல. இந்த வித்தியாசத்தைச் சொல்வது விமர்சனம். அதைச் சொல்வதற்காக அவர்களைப் பழைமைவாதிகள் என்று தூற்றிய புதியவர்களும் இருந்தார்கள். 2012க்கு முந்திய எதையும் தொட்டுப் பார்க்காமலே அவை காலாவதியானவை என்று தீர்ப்புச் சொல்வதும் இன்னொரு வகையான அகங்காரமே.

ஆனால் பழையவர்கள் காக்கின்ற அந்தத் 'தூய' மரபு உண்மையில் இருந்ததா? இங்கேதான் எனக்குச் சந்தேகம்.

1990இன் முதல் விளையாட்டிலேயே இறந்த ஒருவரை எழுப்பும் கோல் ஒன்று உண்டு. ஒரு தடவை மட்டும் பாவிக்கலாம். 1992இல் வந்த இரண்டாவது விளையாட்டில் இறந்தவரை உயிர்ப்பிக்கும் நீரூற்றுகள் இருந்தன. நிலப்படத்தில் விரும்பியபடி திரிந்து திரும்பத் திரும்பச் சண்டையிட்டுப் பலம் சேர்க்கவும் முடிந்தது. 'அவேக்கனிங்' தொடரைக் கெடுத்துவிட்டது என்பதற்குக் காட்டப்பட்ட அத்தாட்சிகளில் ஒன்று இந்தச் சுற்றித் திரிதல்தான்! 1996இல் வந்த 'புனித யுத்தத்தின் வம்சாவளி' ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் நிலையைச் சேமித்துவைக்க விட்டது; பிழைவிட்டால் ஒரு முறை பின்னால் போய்ச் சரிசெய்துகொள்ளலாம். அதே விளையாட்டு நடுவழியில் முதல் தலைமுறை வீரர்களைத் துரோகத்தால் கொன்று, அவர்களுடைய பிள்ளைகளிடம் கதையைக் கையளித்தது. அந்த மரணங்களை எந்தத் திறமையாலும் தடுக்க முடியாது. மரணம் பற்றி இந்தத் தொடர் சொன்ன மிகப் பெரிய விடயம், விளையாடுபவரின் கெட்டித்தனத்தோடு சம்பந்தமே இல்லாதது.

இன்னொன்று பொத்தான். யாராவது இறந்துவிட்டால் பழைய ரசிகர்களில் எத்தனைபேர் அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு தொடர்ந்தார்கள்? இயந்திரத்தை நிறுத்தி, போரை முதலிலிருந்து தொடங்குவது அவர்களிடையே ஒளிவுமறைவற்ற வழக்கம், பகிடியாகவே சொல்லிக்கொள்வார்கள். அப்படியானால் அவர்களுடைய படையிலும் எவரும் சாகவில்லை. கசுவல்காரருக்கு ஐந்து நிமிடத்தில் கிடைத்தது, இவர்களுக்கு ஒரு மணித்தியாலத்தில் கிடைத்தது. 2017இன் 'எக்கோஸ்', 2019இன் 'த்ரீ ஹவுசஸ்' ஆகியவற்றில் போரின் நடுவே காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் வசதி, ஒரு எண்ணிக்கைக்குள், கிளாசிக் முறையிலும் வந்துவிட்டது. அதைப் பாவித்துக்கொண்டே கசுவல்காரரை ஏளனம் செய்ய முடிகிறதென்றால், காக்கப்படுவது மரணத்தின் கனதி அல்ல, கிளாசிக் என்ற பெயர்.

நிறுவனம் ஒருமுறை இந்த முரண்பாட்டைச் சோதித்தும் பார்த்தது. முதல் விளையாட்டின் 2008 மறுவாக்கத்தில் சில துணை அத்தியாயங்கள், படையில் உயிரோடிருப்போர் 15 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் மட்டுமே திறந்தன. அதாவது, இழப்பை ஏற்றுக்கொண்டவருக்குச் சன்மானம். அதை ரசிகர்கள் கொண்டாடவில்லை. எங்கள் ஆட்களைக் காப்பாற்றியதற்குத் தண்டனையா என்று கோபித்தார்கள். நிரந்தர மரணத்தை விரும்புவதும் ஒருவரும் சாகாமல் விளையாடுவதும் ஒரே மனதுக்குள் எப்படிக் குடியிருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேசித்தவர்களைச் சாகவிட மனம் வராதது மனித இயல்பு. அந்த இயல்பைப் புதியவரிடம் கண்டால் மட்டும் அது எப்படிக் கோழைத்தனமாகிறது?

யப்பானுக்கு வெளியே இன்று மூத்தவர்கள் எனப்படுவோரில் பலர் எப்படி வந்தார்கள்? 2001இல் வெளியான 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே' என்ற சண்டை விளையாட்டில் மார்த், ரோய் என்ற இருவர் இருந்தார்கள். அவர்கள் யார் என்று தெரியாமலே அவர்களை வைத்துச் சண்டை பிடித்தவர்கள், 2003இல் தொடர் வெளியே வந்தபோது அதைத் தேடி வாங்கினார்கள். அந்த 2003 விளையாட்டு முதற் பத்து அத்தியாயங்களைக் கைபிடித்துக் கற்றுக்கொடுப்பதற்கென்றே ஒதுக்கியிருந்தது. இப்படிக் கைபிடித்து உள்ளே கூட்டிவரப்பட்டவர்கள் பத்து வருடத்தில் படலையில் நின்று மற்றவர்களிடம் அத்தாட்சி கேட்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் மரபு என்பது தான் வந்து சேர்ந்த நாளில் தொடங்குகிறது. அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் சீரழிவு.

இதை வாசிக்கும் நண்பர்களுக்கு நான் மேலதிகமாக விளக்க வேண்டியதில்லை. எந்த ஆண்டு வந்தீர், 83க்கு முந்தியா பிந்தியா, 2009க்குப் பிறகு வந்தவரா என்ற கேள்விகளை நாங்கள் எங்கள் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம், எங்களிடமும் கேட்கப்பட்டிருக்கின்றன. பதிலின் உள்ளடக்கத்தைவிட, கேட்பவர் முந்தி வந்தவர் என்பதை நிலைநாட்டுவதே அக்கேள்விகளின் வேலை. விளையாட்டையும் அகதி வாழ்வையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஒன்றில் இழப்பு பொத்தானை அமுக்கினால் போய்விடும். ஆனால் முந்தி வந்ததைத் தகுதியாக மாற்றும் பொறிமுறை இரண்டிலும் ஒன்றே.

என் தங்கையின் மகள் 'த்ரீ ஹவுசஸ்' விளையாட்டைக் கசுவல் முறையில் விளையாடுபவள். ஏனென்று கேட்டேன். "அவையள் சாகிறதைப் பாக்கிறதுக்கில்லை மாமா, அவையளோட கதைக்கத்தான் நான் விளையாடுறன்" என்றாள். இது அசட்டுப் பதில் அல்ல. பாத்திரங்கள் இருவர் இருவராக மனம்விட்டுப் பேசும் உரையாடல்கள் 2002இலிருந்து இந்தத் தொடரில் இருக்கின்றன; அவளுடைய வயதை விடப் பழையவை. ஒருவர் இறந்தால் அவரோடு தொடர்புடைய பேச்சுகள் எல்லாம் கேட்கப்படாமலே போய்விடும். போரை ஒரு கணக்காக வாசிப்பவருக்கு அது சிறு நட்டம். உறவுகளின் கதையாக வாசிப்பவருக்கு அதுவே நூலின் பாதி. எங்கள் குடும்பத்தில் இழப்பு என்ற சொல்லுக்கு இருக்கும் பொருளை வைத்துப் பார்க்கையில், அவள் ஏன் அந்த வாசிப்பைத் தெரிந்தாள் என்பதும் எனக்கு விளங்குகிறது. கிளாசிக்தான் கனதியானது, கசுவல் இலேசானது என்ற சமன்பாடு, விளையாடுபவர் எங்கிருந்து வருகிறார் என்பதைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

இனி, இந்தச் சண்டையில் யாரும் பேசாத மூன்றாம் தரப்பு. 2015இல் 'ஃபேற்ஸ்' இரண்டாகப் பிரித்து விற்கப்பட்டது: ஒன்று புதியவருக்கு இசைவாக, மற்றது வளங்கள் குறைந்ததாய்ப் பழையவருக்கு இசைவாக. 'ரெவலேஷன்' என்ற மூன்றாம் பாகம், விசேட பதிப்பு ஒன்றைத் தவிர, தரவிறக்கமாக மட்டும் வந்தது. ரசிகர்களின் பிளவு அப்படியே சரக்காயிற்று. 1990இன் முதல் விளையாட்டு முப்பது வருடங்களின் பின் 2020 டிசம்பரில்தான் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. 2021 மார்ச் 31உடன் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. நான்கு மாதம் கூட இல்லை. 2023 மார்ச்சில் நின்ரென்டோ தனது 3டிஎஸ் கடையை மூடியபோது, தரவிறக்கமாக மட்டும் வந்த அந்த மூன்றாம் பாகத்தைப் புதிதாக வாங்கும் வழி அடைபட்டது. 'த்ரேசியா 776' இன்னமும் யப்பானுக்கு வெளியே முறைப்படி வெளியாகவில்லை. அதை விளையாடினீரா என்று புதியவரைக் கேட்பவர், கடையில் கிடைக்காத ஒன்றை ஏன் படிக்கவில்லை என்று கேட்கிறார்.

படலைக்குத் திறப்பு வைத்திருப்பது நிறுவனம். பழைய ரசிகர் அங்கே சம்பளமில்லாத காவற்காரர் மட்டுமே. அவருக்கே உள்ளே போக உரிமை இல்லாத அறைகள் அந்த வீட்டில் இருக்கின்றன. அன்று இருந்து மொழிபெயர்த்த கைகளிடம் உண்மையான அறிவு இருக்கிறது: எந்த விதி எப்போது வந்தது, எது ஏன் மாறியது, எது தொலைந்தது என்பது. அந்த அறிவைப் பரீட்சைத் தாளாக்குவதா, பாடமாக்குவதா என்பதே கேள்வி. பாடமாக்கினால் 'அவேக்கனிங்' விளையாடி வந்தவர் 1996இன் கதையையும் தேடிப் போவார். ஒரு படைப்பு கடைகள் மூடிய பின்னும் நினைவில் இருக்கும். பரீட்சையாக்கினால் அவர் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார். நிறுவனம் மறந்துவிட்டதைப் பழையவர்கள் தங்களோடு கொண்டுபோய்ப் புதைப்பார்கள்.

மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் எழுதட்டும். குறிப்பாக, கிளாசிக் முறையில் ஒருபோதும் திரும்பத் தொடங்காமல், இழந்தவர்களை இழந்தவர்களாகவே விட்டு முடித்தவர்கள் இருந்தால், அந்த அனுபவத்தை அறிய ஆவலாயிருக்கிறேன். கசுவல்காரர்களை அவர்கள் ஏளனம் செய்யமாட்டார்கள் என்பது என் அனுமானம்.