ஒரே மேசை, இரண்டு மோர்ஸ்

ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் சமவெளியைக் காரில் கடப்பவர்களில் பலர் யூக்ளாவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்! கடலை நோக்கி இறங்கும் மண்பாதையில் நாலைந்து கிலோமீட்டர் போனால் போதும். வெள்ளை மணல்மேடுகளுக்கு நடுவே கூரையிழந்து நிற்கிறது பழைய தந்தி நிலையம். அந்தச் சுண்ணாம்புக்கல் சுவர்களைக் கண்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

1877 டிசம்பரில் இங்கே தந்தி ஓடத் தொடங்கும்வரை, மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வெளியுலகச் செய்திகள் கப்பலில்தான் வந்தாக வேண்டியிருந்தது. மேற்கு ஆஸ்திரேலியக் காலனியின் ஆல்பனியிலிருந்து வந்த கம்பியும் தெற்கு ஆஸ்திரேலியக் காலனியின் போர்ட் அகஸ்டாவிலிருந்து வந்த கம்பியும் மிர்னிங் பழங்குடி மக்களின் இந்த மண்ணில் சந்தித்தன. பெர்த்தில் தட்டிய செய்தி அடிலெய்டு, டார்வின், சிங்கப்பூர், பினாங்கு, நம் சென்னை என்று தாவித் தாவி லண்டனை எட்ட வழி பிறந்தது!

எல்லாவற்றையும்விட என்னை மயக்கியது அங்கிருந்த மேசையின் கதைதான். இரு காலனிகளும் வெவ்வேறு மோர்ஸ் தந்திக் குறியீட்டு முறைகளைப் பயன்படுத்தின. அதனால் நடுவே தடுப்பு வைத்த நீண்ட மேசையின் இருபுறமும் இரு காலனி ஊழியர்களும் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கத்தார் செய்தியைக் கேட்டுத் தாளில் எழுதித் தடுப்பிலுள்ள துளை வழியே நீட்டுவார். மறுபக்கத்தார் அதைத் தம் முறையில் மீண்டும் தட்டுவார். மின்சாரம் பாய்ந்தோடிய பாதையில், இங்கே செய்தி தாளாக மனிதக் கை மாறியிருக்கிறது! ஆஸ்திரேலியா ஒரே நாடானது 1901இல். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே கம்பியால் இணைந்த இரு காலனிகளை, அவற்றின் பிரிவோடும் உறவோடும் சேர்த்துக் காட்டும் இடம் வேறெது?

1890களில் பெருகிய முயல்கள் செடிகொடிகளை மேய்ந்து தீர்க்க, பிடிப்பிழந்த மணல் ஊருக்குள் புகுந்தது. 1917இல் வடக்கே ரயில் பாதை வந்தது; 1920களின் இறுதியில் தந்தியும் அந்தப் பக்கம் போய்விட்டது. பழைய ஊர் கைவிடப்பட்டது. மணல் இன்றும் சுவர்களை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறது.

இதைப் புதிதாகக் கட்டி மெருகேற்ற வேண்டாம். தூரம், தனிமை, மணல் மூன்றையும் எதிர்த்து மனிதர்கள் இங்கே என்ன சாதித்தார்கள் என்பதைச் சொல்ல இந்தச் சுவர்களே போதும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், சுற்றி நடங்கள், சிதைந்த கப்பல்துறை மேடைவரை போய்வாருங்கள். பாலைவழிப் பயணத்தில் இதைவிடப் பெரிய பரிசு உங்களுக்குக் கிடைக்காது!