பார், கேள், இணை: ஆறுதல் ஊழியத்திற்கு ஒரு கையேடு

உலக சுகாதார நிறுவனம், வேர்ல்டு விஷன் முதலிய அமைப்புகளோடு சேர்ந்து 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பேரிடர் நேர்ந்த இடத்தில் நிற்கும் எளிய ஊழியருக்காக எழுதப்பட்டது. ஆபத்தையும் அவசரத் தேவையையும் பார். துயருற்றவர் பேச விரும்பினால் கேள். வேண்டிய உதவியோடு அவரை இணை என்பதே அதன் போதனை. சபையாரை இவ்வூழியத்திற்குப் பயிற்றுவிக்க விரும்பும் ஆயர்கள் இதனைக் கற்பது நலம். ஆராயாமல் ஏற்பது நன்றன்று.

நூலின் சிறப்பு, அது ஊழியருக்கு விதிக்கும் எல்லைகளில் உள்ளது. நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது; பொய்யான உறுதி கூறலாகாது; நேர்ந்த துன்பத்திற்குத் தன் சமய விளக்கத்தைத் திணிக்கலாகாது. கடைசி விதி நம்மில் சிலரைச் சுடும். ஆனால் யோபின் நண்பர் ஏழு நாள் மௌனமாய் உடனிருந்தபோது உதவினர். காரணம் கூறப் புகுந்தபோதே அவனுக்குப் பாரமாயினர்.

துயருற்றவர் தாமே கூறும் சமய விளக்கத்தை ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம் என்றும் கையேடு கூறுகிறது. இங்கேதான் நாம் தயங்குகிறோம். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். அத்தகைய சாவின் முன் ஒரு தாய், "என் பாவத்திற்குத் தண்டனை" என்று புலம்பினால், ஆயர் வாளாவிருக்கலாமோ? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதைக் குறித்து, அவர்கள் மற்றவரிலும் பெரிய பாவிகளல்லர் என்று நம் ஆண்டவர் திட்டமாய் மறுத்தாரே!

எனினும் அவர் அதைச் சொன்னது சுற்றி நின்ற ஜனத்தாரிடமே. பிள்ளையை இழந்த தாயிடம் அன்று. ஆகவே இழவு வீட்டில் கையேட்டின் விதி நிற்கட்டும். மறுக்கும் கடமை பிரசங்க பீடத்திற்குரியது. அது துன்பம் வருமுன்னரே செய்யப்பட வேண்டும். பீடத்திலிருந்து நோயைச் சாபமென்று போதித்துவிட்டு, வீடுதோறும் தேற்றுவோரை அனுப்புவது வீண்.

இன்னொரு குறையும் உண்டு. கையேட்டின் ஊழியர் பெரும்பாலும் வந்து உதவிச் செல்பவர். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் நம் ஊழியரோ அதே தெருவில் குடியிருந்து, அதே காலணித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவரிடம் சொன்னது ஜெபக்குறிப்பாய்ச் சபையில் வாசிக்கப்படுமானால், அடுத்தவர் வாய் திறவார். இரகசியம் காத்தலையே நாம் முதற் பாடமாக்க வேண்டும்.

கூலி, கடன், பாலாற்றின் கேடு ஆகியவற்றால் வரும் மனச்சோர்வு ஒருநாள் விபத்தன்று. பொறுத்துக்கொள்ளப் பழக்குவதோடு செவிகொடுத்தல் முடிந்தால், அது அநீதிக்குத் துணைபோகும். கேட்டவற்றைப் பேர் சொல்லாமல் நியாயத்திற்காகப் பேசுவதும் சபையின் கடன்.

இணைப்பதற்கு நமக்கு இடமுண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் 1957 முதல் நோயாளியோடு குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துவருகிறது. 14416 என்ற அரசுத் தொலைபேசி உதவி 2022-இல் தொடங்கப்பட்டது. ஜெபித்து அனுப்புவதும் விசுவாசமே என்று சபைக்கு நாம் கற்பிப்போமாக.