போரறமும் மறுப்பின் மொழியும்: புறநானூறு 9ஐ முன்வைத்து ஒரு நோக்கு

நெட்டிமையார் பாடிய புறநானூற்றின் ஒன்பதாம் பாடலைச் சங்ககாலப் போரறத்திற்குச் சான்றாக நாம் தவறாது கற்பிக்கின்றோம். ஆக்கள், அந்தணர், பெண்டிர், பிணியுடையோர், புதல்வரைப் பெறாதோர் ஆகியோர் தத்தம் காவலிடம் தேடிக்கொள்ளுமாறு, அம்பு விடுவதற்கு முன்னரே அறிவிக்கும் பண்பு பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதிக்கு உரியதாக அங்குப் போற்றப்படுகின்றது. அறிவிப்பின் பயன் உயிர்க்காப்பு என்பது அப்பாடலின் கருத்தாகும். இவ்வளவுகோலை நம் காலத்துப் போர் ஒன்றின்மீது வைத்துப் பார்க்க இக்கட்டுரை முற்படுகின்றது.

2009ஆம் ஆண்டு சனவரி முதல் மே வரை இலங்கை அரசு வன்னியில் அடுத்தடுத்து மூன்று பாதுகாப்பு வலயங்களை அறிவித்தது. மருசுகி தருஸ்மான் தலைமையிலான ஐக்கிய நாடுகள் வல்லுநர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, அம்மூன்று வலயங்களிலும் அரசப் படையினர் பேரளவில் எறிகணை வீசினர் என்பதற்கு நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்றது. பொதுமக்களுள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் எனவும் அது சுட்டியது. முதுகுடுமியின் அறம் இங்குத் தலைகீழாயிற்று. காவலிடம் என அறிவிக்கப்பட்ட இடமே கொலைக்களமாயிற்று.

இதற்கெதிரான மறுப்பு படிப்படியாக உருமாறியதைக் காண்கின்றோம். பொதுமக்கள் எவரும் கொல்லப்படவில்லை என்பது முதற்படி. இறந்தோர் தொகை மிகைப்படுத்தப்பட்டது என்பது இரண்டாம் படி. இறப்புகள் நிகழ்ந்தன, ஆனால் உள்நோக்கம் இல்லை என்பது மூன்றாம் படி. 'மனிதாபிமான நடவடிக்கை' என்னும் தொடர் இம்மூன்றையும் போர்த்தி நின்றது.

இம்மறுப்பு நம் ஊருக்குப் புறம்பானதன்று. 2009 மே 27ஆம் நாள் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கைக்குச் சார்பான தீர்மானத்தை ஆதரித்த 29 நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. 2013 சூலையில் கோலாலம்பூர் சிலாங்கூர் சீனர் அசெம்ப்ளி மண்டபத்தில் கெலம் மெக்ரேயின் 'நோ ஃபயர் சோன்' ஆவணப்படம் திரையிடப்பட்டது. அதன் தொடர்பில் கோமாஸ் அமைப்பைச் சேர்ந்த லீனா ஹென்ட்ரிமீது 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. 2016இல் விடுவிக்கப்பட்ட அவர், அத்தீர்ப்பு மாற்றப்பட்டபின், 2017இல் 10,000 ரிங்கிட் தண்டம் பெற்றார். தணிக்கை வாரியத்தின் ஒப்புதலின்றிப் படம் காட்டியதே குற்றம். படத்தின் உண்மை வழக்கில் ஆராயப்படவில்லை. காட்சியைத் தடுத்தாலே போதும், மறுப்பு நிலைபெற்றுவிடும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

சொல்லாட்சியிலும் நமக்குத் தெளிவு வேண்டும். 'இனப்படுகொலை' என்னும் சொல் கொலையை மட்டும் முன்னிறுத்துவதால் விவாதம் பிணக்கணக்கில் முடங்குகின்றது. 1948ஆம் ஆண்டு உடன்படிக்கையோ ஓர் இனத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கையும், கொலையையும் உள்ளிட்ட ஐவகைச் செயல்களையும் கூறுகின்றது. ஆதலின் 'இனவழிப்பு' என்பதே பொருத்தமான சொல் எனக் கருதுகின்றோம். வட மாகாண சபை 2015இலும் கனடிய நாடாளுமன்றம் 2022இலும் இனவழிப்பு என ஏற்றன. 2015ஆம் ஆண்டு ஐ.நா. விசாரணை அறிக்கை அம்முடிவுக்கு வரவில்லை. பெயர் குறித்து அறிஞர் வேறுபடலாம், அது மறுப்பாகாது. நடந்ததையே இல்லையென்பதுதான் மறுப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது மறுப்போர்க்கே துணைபோகும்.

அளவுகோல் ஒன்றாயின் அது நம்மவரையும் அளக்க வேண்டும். 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதையும், இறுதிப் போரில் வெளியேற முயன்ற மக்களைத் தடுத்துச் சுட்டதாக அதே வல்லுநர் குழு குறித்ததையும் நாம் மறைத்தல் தகாது. பகைவர் நாட்டை எரியூட்டும் எரிபரந்தெடுத்தலையும் புறத்துறையாகப் பாடிய மரபு நம்முடையது. அதனையும் மாணவர்க்குச் சொல்லியே ஒன்பதாம் பாடலைக் கற்பித்தல் வேண்டும்.

இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில் பிரிக்பீல்ட்ஸில் நூற்றாண்டு கடந்து நிற்கின்றது. அவர்தம் வழித்தோன்றல்களும் கிள்ளான் தோட்டப்புறத்தார் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் ஒருங்கே அமர்கின்றனர். முதுகுடுமியின் அறத்தைப் படித்த மாணவன் முள்ளிவாய்க்காலைப் பற்றி வினவுவானாயின், பாடத்திட்டத்தில் இல்லை என்று கூறி நாம் நழுவுதல் மறுப்பின் நான்காம் படியாகிவிடும்.