அசையாத பட்டியல்

2000களில் கோவையின் பீளமேடு, சரவணம்பட்டிப் பக்கம் ஜாவா நிரல்மொழி படித்தவர்களுக்கு அதன் கையேட்டுப் பக்கம் மறக்காது. திரை மூன்றாகப் பிரிந்திருக்கும்: இடது மேலே பேக்கேஜ் பெயர்கள், அதன் கீழே கிளாஸ் பட்டியல், வலப்புறம் விளக்கம். இடப்புறம் ஒரு பெயரைச் சொடுக்கினால் வலப்புறம் மட்டும் மாறும்; பட்டியல், நாம் உருட்டி நிறுத்திய இடத்திலேயே நிற்கும். இதைச் செய்தது ஃபிரேம். நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 வழியே 1996இல் பரவி, 1997 டிசம்பரில் எச்டிஎம்எல் 4.0 தரத்தில் ஏறிய உத்தி. ஆயிரக்கணக்கான கிளாஸ்களுக்கு நடுவே ஒன்றைப் படிக்கும்போதே இன்னொன்றைத் தேட வேண்டிவரும். ஒவ்வொரு தடவையும் பின்னால் போய் வந்தால் யோசனை அறுந்துவிடும். டயல்-அப் காலத்தில் பட்டியலைத் திரும்பத் திரும்ப இறக்க வேண்டாம் என்பதே பெரிய உபகாரம்.

ஃபிரேமில் முகவரிப் பட்டை மாறாது, படிக்கும் பக்கத்தின் இணைப்பை அப்படியே நண்பருக்கு அனுப்ப முடியாது, தேடுபொறி வழியே வருபவர் பட்டியல் இல்லாத தனிப்பக்கத்தில் வந்து விழுவார் என்றெல்லாம் குறை சொன்னார்கள். அத்தனையும் உண்மை. 2014இல் எச்டிஎம்எல் 5 இதை ஒதுக்கியதும் நியாயமே. ஆனால் இவை தனித்தனிக் கோப்புகளை ஒரே சாளரத்தில் கட்டியதால் வந்த கோளாறுகள். வழிகாட்டி எப்போதும் கண்ணில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிழையில்லை. பக்கத்தை உருட்டினாலும் ஒரு பகுதியைக் கண்ணில் நிறுத்திவைக்கும் சிஎஸ்எஸ்ஸின் ஸ்டிக்கி வசதி அதே எண்ணத்தை அந்தக் கோளாறுகள் இன்றி நிறைவேற்றுகிறது. ஜாவா கையேடு தன் 13ஆம் பதிப்போடு ஃபிரேமை முற்றாக விட்டது. தேடுபெட்டி அதற்கு முன்பே வந்துவிட்டது. பெயர் தெரிந்தவருக்கு அது போதும். என்னென்ன இருக்கிறது என்றே தெரியாத மாணவருக்குப் பட்டியல்தான் வேண்டும்.