அவிழ்த்துவிட்டால் போதுமா?

புயல் எச்சரிக்கை வரும்போதெல்லாம் கால்நடை வளர்ப்போருக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: மாடுகளைக் கட்டிப்போடாமல் அவிழ்த்துவிடுங்கள் என்பது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் இதையே சொல்கிறது. அறிவியல்படி இது சரியே. மாடு நன்றாக நீந்தும் பிராணி. நுரையீரலில் உள்ள காற்றும் வயிற்றின் பெரிய அறையில் உள்ள வாயுவும் அதை மிதக்கவைக்கின்றன. மூக்கு மட்டும் நீருக்கு மேலே இருந்தால் போதும். முளையில் இரண்டு முழக் கயிற்றால் கட்டுண்ட மாட்டுக்கு அது முடியாது.

சரி, அவிழ்த்துவிட்ட மாடு எங்கே போகும்? அறிவுரை இங்கே மௌனமாகிவிடுகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அது தட்டையான கடலோரம். ஏறி நிற்க மேடு அரிது. தென்னைகள் சாய்ந்துகொண்டிருந்த அந்த இருட்டில் திறந்த வெளியும் ஆபத்து, மரத்தடியும் ஆபத்து. ஆட்டுக்குட்டிகளின் நிலை இன்னும் மோசம். உடல் சிறியதாக இருந்தால், எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம். நனைந்த தோலில் காற்று வீச வீச உடல் வெப்பம் விரைவாக வெளியேறும். வெள்ளம் எட்டாத இடத்திலும் குட்டிகள் விறைத்துச் சாவது இதனால்தான்.

1970 நவம்பர் 12 அன்று, அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். பின்னர் பங்களாதேசமாகிய அந்நாட்டின் கடலோரத்தில் மண்ணைக் குவித்து உயர்ந்த மேடுகளை எழுப்பினார்கள். 'முஜிப் கில்லா' என்று பெயர். மனிதரும் ஆடுமாடும் ஒன்றாக ஏறி நிற்கலாம். பராமரிப்பின்றிப் பல மேடுகள் கரைந்துபோனதும் உண்மையே. ஆயினும் மாட்டை விட்டுவிட்டு வரச் சொன்னால் பலர் வரமாட்டார்கள் என்பதை அந்த ஏற்பாடு உணர்ந்திருக்கிறது. அதிகாரிகள் இதைப் பிடிவாதம் என்று அலுத்துக்கொள்வதுண்டு. ஒரே கறவை மாட்டை நம்பி அடுப்பெரியும் வீட்டில் அது பிடிவாதமா?

அமெரிக்காவும் இதைத் துன்பப்பட்டே கற்றது. 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது நாயையும் பூனையையும் பிரிய மனமின்றிப் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டனர். மறு ஆண்டே, மக்களை வெளியேற்றும் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கவேண்டும் என்று சட்டம் வந்தது. பண்ணை மாடுகள் அதில் இடம்பெறவில்லை!

நம் நாட்டில் இறந்த கால்நடைக்கு நிவாரணம் உண்டு. 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசு விதிகளில் கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். தேவையான உதவிதான், ஆனால் செத்தபின் வருவது. புயல் காப்பிடத்தை ஒட்டி ஒரு மண்மேடு, சுற்றிலும் வேலி, மேலே கூரை, நனையாத வைக்கோல், நல்ல தண்ணீர் ஆகியவற்றுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாமே!

மேட்டில் பல வீட்டு மாடுகள் நெருக்கமாக நிற்கும்போது நோய் எளிதில் தொற்றும். தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் தடுப்பூசி உண்டு. எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். ஆகவே ஊசி போடவேண்டிய காலம் புரட்டாசிக்கு முன்பு; ஐப்பசி வெள்ளத்தில் முழங்கால் நீரில் நின்றுகொண்டு அல்ல.