மருந்து அதிகாரமும் மருத்துவ நேர்முகத் தேர்வும்

மருத்துவம் என்று தலைப்பு வந்தாலே போதும், நம் மாணவர்கள் 948ஆம் குறளை எழுதிவிடுவார்கள். நோயை ஆராய், காரணத்தை ஆராய், தணிக்கும் வழியை ஆராய், பிறகு பொருத்தமாகச் செய். கட்டுரைக்கு அது அழகுதான். ஆனால் எஸ்.பி.எம். முடித்துச் சுபாங் ஜெயா கல்லூரிகளில் பவுண்டேஷனோ ஏ-லெவலோ படித்துக்கொண்டு மருத்துவத் துறைக்கு மனுச் செய்யப்போகிற மாணவர் அந்த ஒரு குறளோடு நின்றுவிடக் கூடாது. 95ஆம் அதிகாரம் முழுவதையும் படிக்கணும். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அதிகாரத்தின் அமைப்பைக் கவனியுங்கள். 941 நோய் எப்படி வருகிறது என்கிறது. 942 முதல் 947 வரை ஆறு குறள்களும் சாப்பாட்டைப் பற்றியவை: செரித்ததை அறிந்து உண், அளவாக உண். மருந்து என்று பெயர் வைத்த அதிகாரத்தில் பாதிக்கு மேல் மருந்தே தேவைப்படாமல் வாழும் வழிதான். மருத்துவம் கற்றவர் தலை காட்டுவது 949இல். அவர் எண்ண வேண்டியவை மூன்று: நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலம். வரிசையைப் பாருங்கள். நோய்க்கு முன்னால் நோயாளி நிற்கிறார்.

அடுத்தது 950. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம். உரையாசிரியர் பரிமேலழகர் இந்த ஒவ்வொன்றுக்கும் நான்கு தகுதி சொல்கிறார். மருத்துவருக்கு அவர் கேட்பவை: நோயைக் கண்டு அஞ்சாமை, கல்வியும் நுண்ணறிவும், பலமுறை குணப்படுத்திய பழக்கம், மனம் மொழி மெய்யில் தூய்மை. நாலில் ஒன்றுதான் படிப்பு! நாமோ டியூஷன், பயிற்சித்தாள், மீண்டும் டியூஷன் என்று அந்த ஒன்றிலேயே எல்லா நேரத்தையும் போடுகிறோம்.

மற்ற மூன்றையும் இன்றைய தேர்வுகள் கேட்கின்றன. பண்டார் சன்வேயில் இருக்கும் மோனாஷ் மருத்துவப் பள்ளி, பல சிறு நிலையங்கள் கொண்ட நேர்முகத் தேர்வை நடத்தி வந்திருக்கிறது. பிரிட்டன் மருத்துவப் பள்ளிகள் பலவும் கேட்கும் யூகேட் தேர்வில் 2025இல் வடிவப் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இக்கட்டான சூழலில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று கேட்கும் பகுதியை வைத்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் மனப்பாடம் உதவாது. முதியோர் இல்லத்திலோ டயாலிசிஸ் மையத்திலோ சில வாரம் தொண்டு செய்து, பார்த்ததை எழுதி வைத்து, எது சங்கடமாக இருந்தது, ஏன் என்று யோசித்த மாணவருக்குத்தான் பதில் வரும்.

ஆனால் உரையை அப்படியே ஏற்கவும் முடியாது. நோயாளியின் தகுதிகளில் பரிமேலழகர் முதலில் சொல்வது பொருளுடைமை. அடுத்தது மருத்துவர் சொற்படி நடப்பது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்து மருந்து வாங்குகிற நாட்டில் முதலாவதை எப்படி ஏற்பது? இரண்டாவதோ இன்றைய நேர்முகத் தேர்வில் மாணவரைக் கவிழ்த்துவிடும். ‘நோயாளி ரத்தம் ஏற்ற வேண்டாம் என்கிறார், என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்விக்கு, ‘டாக்டர் சொன்னால் கேட்கத்தான் வேண்டும்’ என்பது பதில் ஆகாது. நோயாளியின் சம்மதம் இன்றி மருத்துவம் இல்லை. 949 நோயாளியை முதலில் வைக்கிறது. உரையோ அவரைக் கீழ்ப்படிபவராக்குகிறது. இந்த இடைவெளியை எடுத்துச் சொல்லத் தெரிந்த மாணவர்தான் குறளைப் படித்தவர்.

அதிகாரம் பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறது. ‘டாக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை’ என்பது நம் வீடுகளில் பழகிய பேச்சு. 950 நாலாமவருக்கும் சமமான இடம் தருகிறது. அவருக்கு உரை கேட்கும் முதல் தகுதி நோயாளியிடம் அன்பு. தாதியரை நம் நாட்டுச் சட்டம் 1950 முதலே தனியாக அங்கீகரிக்கிறது. 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டம் உணவியல் வல்லுநர், இயன்முறை மருத்துவர் உட்பட 23 சுகாதாரத் தொழில்களை அடக்கியது. 942 முதல் 947 வரை உள்ள குறள்கள் இன்று யாருடைய வேலை என்று கேட்டால், உணவியல் வல்லுநருடையது என்பேன்.

ஆசிரியர்களே, அடுத்த முறை இந்த அதிகாரத்தை நடத்தும்போது பொருள் எழுதச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். நால்வரில் நீ யாராக இருக்க விரும்புகிறாய், ஏன் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மாணவர்களே, அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். நேர்முகத் தேர்வில் முதலில் கேட்கப்படக்கூடிய கேள்வியும் அதுதான்.